சும்மா சுழலும் வட்டு

மூன்றாம் எண் துவைப்பு இயந்திரத்தின் பேரிங்
போன வாரமே பணத்தைத் தின்றுவிட்டது.
ஆகவே பலகை மட்டும் புதிது,
மின்வழங்கி பழையதே, என்றேன்.
ரிம்விதாஸ் வாயைத் திறந்தான், மூடினான்.
கிளைப்பெடா துறைமுகத்துக் காற்றில்
நீளமாய்ப் பேசினால் பல் குளிரும்.

தூசியைக் கரண்டியால் வழித்தோம்.
நல்ல கனம். தூக்கினால் மணிக்கட்டுக்குத் தெரியும்.
முதுகில் மங்கிய அட்டவணை:
ஐந்து வோல்ட்டில் முப்பது ஆம்பியர்
பன்னிரண்டில் வெறும் பதினைந்து.
அது கடைக்கு வந்த காலத்தில்
கணினிகள் ஐந்தைத்தான் குடித்தன.
இப்போதையவை வாய் வைப்பதே பன்னிரண்டில்.

போர்வை ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
செயலிக்கு அறுபத்தைந்து வாட்.
விசிறி இரண்டு.
படஅட்டை கிடையாது,
மாலுமிகளின் அழுக்குத் துணிக்கு என்ன படம் வேண்டியிருக்கிறது.
கூட்டினால் பாதிகூட எட்டவில்லை.

பல் இருபது. துளை இருபத்து நாலு.
கொக்கி விழுந்த பிறகும் ஓரத்தில்
நாலு துளைகள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தன.
எங்களிடம் ஒரு வெள்ளைக் கம்பி வேறு இருந்தது,
கழித்தல் ஐந்து வோல்ட்.
அதைக் கேட்கும் ஆள்
புதிய பலகையில் யாரும் இல்லை.

பச்சைக் கம்பியையும் கறுப்பையும்
காகிதக் கிளிப்பால் தொட்டுச் சோதித்தது முன்தினம்.
இன்று பொத்தானை அமுக்கியது நான்.
விசிறி ஒருமுறை இருமி, சுற்றியது.
திரையில் எழுத்து.
ரிம்விதாஸ் அன்று முதல்முறையாகச் சிரித்தான்,
முன்பல் உடைந்ததை மறந்து.

மத்தியானம் சூப் குடிக்கப் போய்த் திரும்பினோம்.
செத்துக் கிடந்தது.

எழுப்பினோம். மாலைவரை ஓடியது,
எழுபது பில், ஒரு விக்கல் இல்லை.
கதவைப் பூட்டி உலர்த்தியைக் காலி செய்து வருவதற்குள்
மறுபடி.
மூன்று நாள் இதே கதை.
வேலை வாங்கினால் உயிரோடிருக்கும்,
ஓய்வு கொடுத்தால் போய்விடும்.
"உன்னைப் போல" என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.

கீழ்த்தளத்து ஔஷ்ரா
கப்பல் வானொலிகளைப் பழுதுபார்ப்பவள்.
மீட்டரை வைத்தாள், கணினியைத் தூங்கவிட்டாள்,
சிகரெட் பாதி எரியும்வரை முள்ளைப் பார்த்தாள்.
"தூங்கும்போது உன் பலகை கேட்பது ஒரு துளி.
இவனுக்கு வாளியால் ஊற்றத் தெரியும்,
துளியாய்க் கொடுக்கத் தெரியாது.
மறுமுனையில் யாருமில்லை என்று நினைத்து
கடையைச் சாத்திவிடுகிறான்."
"என்ன செய்ய?"
"ஆழ்ந்து தூங்கவிடாதே என்று பலகையிடம் சொல்லலாம்.
இல்லையா, யாராவது இருப்பதாய்க் காட்டு."

இரண்டாவது யோசனை ரிம்விதாஸுக்குப் பிடித்தது.
பரணிலிருந்து ஒரு பழைய வட்டை எடுத்து வந்தான்.
அதற்குள் இருப்பது
வராமலே போன கப்பல்களின் பெயர்கள்,
யாரும் திரும்ப வாங்காத நாற்பது போர்வைகள்,
நாங்கள் ஒரு கோடை முழுக்க விலை போட்டுப் பார்த்து
வாங்காமல் விட்ட வீடு.
மின்கம்பியை மட்டும் செருகினான்.
தரவுக் கம்பியைத் தொடவில்லை.
அதை யாரும் படிக்கப் போவதில்லை.
சுற்றட்டும், அவ்வளவுதான்.
கொஞ்சம் தின்றுகொண்டு கிடக்கட்டும்.

அதற்குப் பிறகு அணையவில்லை.

நேற்று இரவு இரண்டு மணி.
கடைசிப் படகு ஊதிவிட்டது.
திரை இருட்டு, ஆரஞ்சுப் பொட்டு ஒன்று மட்டும்,
அடியில் அந்த மெல்லிய ரீங்காரம்.
ரிம்விதாஸ் ஈரக் கையோடு வந்து
பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான்.
"சுடுகிறது. வீண் செலவு."
"மாதம் ஒரு யூரோ சொச்சம்தான், பார்த்துவிட்டேன்."
"ம்."

கையை எடுக்கவில்லை.