எடைக்கு ஓர் ஆள்

முதலில் எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள்.
அறுபத்து மூன்று. சரியாக வரும் என்றான் பைலட் முசொண்டா.
இடப்பக்கம் கனம் குறைந்ததால்
ஹோட்டல் சலவை அறையிலிருந்து வரவழைக்கப்பட்டவள் நமாசிகு.

குனிந்து வா. தொப்பியைக் கழற்று. வால் பக்கம் போகாதே.
அவ்வளவுதான் பாடம்.

ஓடிக் கிளம்பும் என்று நினைத்தாள். ஓடவில்லை;
பால் பொங்குவதுபோல் நின்ற இடத்திலேயே எழுந்தது.
வயிறு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

ஜாம்பேசி அகலமாய், அவசரமில்லாமல் வந்து
சட்டென்று தரையை இழந்தது.
ஹெட்போனுக்குள் முசொண்டாவின் இருமல்.
பிறந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் கேட்ட அருவி
இப்போது வாயை மட்டும் அசைக்கிறது.

பக்கத்து ஜெர்மன்காரர் கண்ணை இறுக மூடி
அவள் கையைப் பிடித்திருக்கிறார்.
பார்ப்பதற்குக் காசு கொடுத்தவர்.

திரும்பும்போது, கொடியில் அவள் காயப்போட்ட விரிப்புகள்.
எண்ணினாள். பதினாறு.
ஒன்று மண்ணில் கிடக்கிறது.