ஒப்புக்கொடுத்தல்

பூசையில் காணிக்கை எடுக்கிற நேரம்
எல்லோரும் எதையாவது ஒப்புக்கொடுப்பார்கள்.
நானும் கொடுத்திருக்கிறேன்:
இருபது ரூபாய்.
அந்தோணியார் திருநாளுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி.
அப்புறம்,
என்னைக் கேட்காமல் போனதை எல்லாம்
நானே கொடுத்ததாகக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.
வீட்டுக்காரர் அமலதாசை,
அவர் வைத்தியத்துக்கு விற்ற வத்தையை,
பாறைக்கடியில் முங்கி முங்கி
அடைத்துப்போன இடது காதை.
வனத்துறை சாக்கோடு பிடுங்கிய
நாலு நாள் பாசியைக்கூட.
எல்லாம் உமக்கே ஆண்டவரே, என்றேன்.
நல்ல வார்த்தை. வாய் நிறைய வரும்.

ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

சீட்டுப் பணம் பதினெட்டாயிரம்.
மதுரை ஆஸ்பத்திரியில் கட்டச் சொன்ன அன்று
சீட்டுப் பிடித்த நாத்தனார் பிரகாசி
சின்னப்பாலத்தில் இல்லை.
மூக்கையூரில் யார் வீட்டிலோ இருந்தாள்.
கூடப் பிறந்த அண்ணன் அடக்கத்துக்கும் வராமல்
முப்பதாம் நாள் பூசைக்கு வந்து
கடைசி வரிசையில் நின்றாள்.

பரலோக மந்திரத்தில் அந்த இடம் வரும்போது
முழங்காலை மாற்றி வைப்பேன்.
மாற்றி வைத்து முடிப்பதற்குள்
வரி போய்விடும்.
ஆறு வருஷம்.
ஆண்டவர் கண்டுகொள்ளவில்லை.
அல்லது கண்டுகொண்டு
அவரும் முழங்காலை மாற்றி வைத்தாரோ என்னவோ.

ஒப்புக்கொடுப்பதற்குள்
ஒப்புக்கு என்றொரு சொல் ஒளிந்திருக்கிறது.
அதில்தான் நான் குடியிருந்தேன்.

தவக்காலம். அமாவாசை கழிந்த நாலாம் நாள்.
குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கம்
பதினொரு பேர் இறங்கினோம்.
விரலுக்குத் துணி சுற்றி,
காலுக்கு அலுமினியத் தட்டு கட்டி,
இடுப்பில் பை.
பிரகாசியின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.
உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து
கண் சிவந்து சிவந்து மேலே வருவாள்,
கையில் மரிக்கொழுந்துப் பாசி பாதி, மணல் பாதி.
யாரிடமும் கேட்கவில்லை.
என்னிடம் கேட்கவே மாட்டாள்.

என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன்.

இதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை.
கை நீண்டதே தவிர
மனசு கூடவே நீளவில்லை;
பின்னால் நின்று ஏசிக்கொண்டிருந்தது.
வத்தையில் உட்கார்ந்து
மற்றவர்கள் பாசியில் சிப்பி பொறுக்கினேன்.
அவள் பை நிறைய நிறைய
குத்துமதிப்பாகக் கிலோ போட்டேன்,
என் கண்ணாடியில் அவள் பார்க்கிற கிலோ.
எட்டு. பத்து. பதினாலு.

ஒரு முங்கலில் அவள் வர நேரமானது.
தண்ணீர் அப்படியே கிடந்தது, துணி விரித்த மாதிரி.
பிறகு தலை தெரிந்தது,
வாய் திறந்து காற்றை இழுத்தாள்.
அப்போதுதான் தெரிந்தது,
நானும் இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்திருந்தேன்.

அதற்கப்புறம் கிலோ எண்ணவில்லை.

கரையில் கண்ணாடியை நல்ல தண்ணீரில் அலசித் தந்தாள்.
பணத்தைப் பற்றி அவள் பேசவில்லை.
விட்டுவிட்டேன் என்று நானும் சொல்லவில்லை.
விட்டேனா என்பதும் சரியாகத் தெரியாது.
சில நாள் முந்தானையைத் தடவினால்
முடிச்சு இருக்கிறது.
சில நாள் இல்லை.
அதை அப்படியே, இருந்தும் இல்லாமலும்,
காணிக்கைத் தட்டில் வைக்கலாமா
என்று சாமியாரிடம் கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை.
வாசலில் தீர்த்தத் தொட்டி.
துணியையும் மீறிப் பாறை கிழித்த விரல்களை
உள்ளே விட்டேன். எரிந்தது.
எரிகிற விரலாலேயே
நெற்றி, நெஞ்சு, தோள், தோள்.

உள்ளே பிரகாசி ஒரு பாயில்
தனியாக முழங்காலில் இருந்தாள்.
அவளுக்கு இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்,
கேட்கிற காது
அவள் பக்கம் இருக்கும்படி.