பெட்டிக்குத் துணை

'நீங்களே பரிசோதித்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறது.
அந்த எழுத்துக்குப் பக்கத்தில்தான்
எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்.

பதினேழு வருஷம் பட்டாளம்.
லே, பதான்கோட், கடைசியில் ஜபல்பூர்.
இப்போது வேலூரில் புறநோயாளிகள் கூடம்,
சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே
ஆள் உயரத்துக்கு நிற்கிற வெள்ளைப் பெட்டிக்கு
நான் காவலா, துணையா,
யாரும் சொல்லவில்லை.

முதல் வாரம் ஒருவரும் கிட்டே வரவில்லை.
அணைக்கட்டிலிருந்து வந்த ஒருவர்
அதன் தோளில் துண்டைக் காயப்போட்டார்.
இரண்டாம் வாரம் ஒரு பையன் ஏறினான்,
அவனை இறக்கிவிட்டு அவன் அப்பா.
"இதுக்கு எவ்ளோ துட்டு போடணும்?"
காட்பாடி ஜங்ஷனில் விளக்கு சுழலுமே,
அது என்று நினைத்துவிட்டார்.
இலவசம் என்றதும் முகத்தில் சந்தேகம்.
எடை, உயரம், பிரஷர், நாடி என்று சீட்டு வந்தது.
பின்பக்கம் திருப்பினார்.
"பலன் ஒண்ணும் போடலியே சார்."

செருப்பைக் கழற்றச் சொல்லி அது சொல்லும்.
சொல்வதற்கு முன்பே, மூன்றடி தள்ளியே
கழற்றிவிடுகிறார்கள்.

மேல்விஷாரம் தாவூத் பாயை மட்டும்
அதற்குப் பிடிபடவில்லை.
"விரலை வையுங்கள்."
வைத்தார்.
"விரலை வையுங்கள்."
முப்பது வருஷம் தோல் ஷெட்டில்
சுண்ணாம்புத் தொட்டிக்குள் ஊறிய விரல்,
ரேஷன் கடையிலேயே ரேகை விழுவதில்லை என்றார்.
பத்து விரலையும் முறைவைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு
"நான் உசுரோட இருக்கேன்னு
நீங்களாச்சும் எழுதிக் குடுங்க" என்று சிரித்தார்.
நர்ஸ் பிரிசில்லா வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்,
கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம்.
அந்த நிமிஷம் முழுக்கப் பெட்டி
விரலைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் ரயிலில் வந்த வங்காளத்துக் குடும்பம் ஒன்று
தங்கள் மொழி அதற்குள் இருப்பதைக் கண்டுபிடித்தது.
நோயாளி பெஞ்சில் படுத்திருக்க
கூட வந்த மச்சான், சித்தப்பா, பக்கத்து லாட்ஜ்காரர் வரை
எனக்கு, எனக்கு என்று வரிசை.

பெண்கள்தான் வரவில்லை.
எடையை அது கூடம் முழுக்கக் கேட்கும்படி கூவும்.
சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மூன்று மனு கொடுத்தேன்.
நாலாவது மனுவுக்குப் பதிலாக
அதன் வாயில் பிளாஸ்திரி ஒட்டினேன்.
மறுநாள் வந்தார்கள்.

ஜெயசுதா வாசலில் பூ விற்கிறவள்,
பள்ளிகொண்டாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள்.
தினமும் ஏறுகிறாள் இப்போது.
"டாக்டரம்மா கிட்ட போனா
மாத்திரைய ஏன் வுட்டேன்னு கத்துவாங்கோ.
இது கத்தாது."
சீட்டை மடித்துக் கூடைக்கடியில்,
வாழைநாருக்குக் கீழே வைத்தாள்.
அங்கே ஏற்கெனவே ஆறு சீட்டு இருந்தது.
ஆறிலும் கடைசி வரி ஒன்றேதான்:
மருத்துவரை உடனே அணுகவும்.

ஏன் போகவில்லை என்று
ஒரு ஹவில்தார் குரலில் கேட்டிருக்கலாம்.
கேட்டால் நானும் கத்துகிற ஆளாகிவிடுவேன்.

நேற்று இரவுப் பணி.
கூடம் காலி. பழைய பஸ் நிலையம் பக்கமிருந்து
கடைசி பஸ்ஸின் ஹாரன்.
பூட்ஸைக் கழற்றினேன்,
நானும் மூன்றடி தள்ளித்தான்.
நூற்று எழுபத்தெட்டு, நூற்று எட்டு.
கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு இன்னொரு தரம்.
நூற்று எண்பத்திரண்டு.
பிளாஸ்திரிக்குப் பின்னால் அது என்னவோ முணுமுணுத்தது.
சீட்டை எடுத்தேன்.
பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

காலையில் ஜெயசுதா கூடையோடு வந்தாள்.
ஜன்னலைக் காட்டி,
வா, ரெண்டு பேருமே டோக்கன் வாங்கிடலாம் என்றேன்.
"இருங்க சார், பூவு வித்துடட்டும்."

சரி என்று
நானும் உட்கார்ந்தேன்.