கள்ளக்கடல் வந்த இரவில் நான் தூக்கியது

எங்கள் வீட்டில் டர்பன்டைன் மணக்காத ஒரே பொருள்
என் மின்வாரியச் சட்டை.
போன செவ்வாய்க்கிழமை
அதிலும் தூரிகை துடைத்துவிட்டாள்.

கடியபட்டணத்தில், வள்ளியாறு கடலைத் தொடும் இடத்துக்கு
மூன்று வீடு தள்ளி வாடகைக்கு இருக்கிறோம்.
ஜன்னல் கம்பிகள் வருடா வருடம் மெலிகின்றன.
தட்டினால் துரு உதிரும்.
அதையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில்
சேர்த்து வைத்திருக்கிறாள் மெற்றில்டா, என் மனைவி.
பக்கத்துப் பாட்டிலில் கருமணல்,
அடுத்ததில் மாதுளை நிறத்தில் இன்னொரு மணல்.
ஒருமுறை மிளகாய்த்தூள் என்று நினைத்து
முட்டையில் போட்டுவிட்டேன்.
பல்லுக்கிடையில் கேட்டது கடல்.

நான் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவன்.
எண்ணை எழுதுவேன், திரும்புவேன்.
அவள் பதினொரு வருடமாக ஒரே கடலைப் பார்க்கிறாள்,
இன்னும் கணக்கு எடுத்து முடியவில்லை என்கிறாள்.

அவள் படங்களில் கடல் நீலமாக இருந்ததே இல்லை.
காலையில் சாளைச் செதில்,
கரமடி இழுக்கிற நேரத்தில் கட்டஞ்சாயா,
மழைக்கு முன்னால்
ஆறிவரும் புண்ணின் விளிம்பு.
"நீலமாத்தானே கிடக்கு" என்று ஒருநாள் சொன்னேன்.
"நீங்க கடலைப் பாக்கல்ல,
காலண்டரைப் பாக்குதிய" என்றாள்.

டயனீஷியஸ் தன் வள்ளத்துக்குப் பெயர் எழுதக் கூப்பிட்டார்.
எழுதினாள், கேட்காமலே கீழே ஒரு நண்டும் போட்டாள்.
கூலியாக வந்தது முழு நெய்மீன்.
அதன் கண் மங்கும்வரை வரைந்துகொண்டிருந்தாள்.
ராத்திரி மரச்சீனிக்கு
உப்பும் மிளகாயும்தான் தொட்டுக்கொண்டோம்.

இன்னொரு நாள் எனக்கு நூற்றிமூன்று காய்ச்சல்.
மாத்திரை கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்று
"அசையாதிய, நெத்தியில ஒரு பச்சை விழுது" என்றாள்.
மாத்திரை அவள் கையிலேயே இருந்தது.
அன்று நான் பேசவில்லை. மறுநாளும்.

கள்ளக்கடல் வந்தது சித்திரையில்.
காற்றில்லை, மழையில்லை,
முட்டத்து வெளிச்சவீடு
நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
இரண்டு மணிக்குப் பாய் மிதந்தது.
"படத்தை எடுங்க" என்று கத்தினாள்.
ரேஷன் கார்டு, ஆதார், கல்யாண ஆல்பம்,
எதுவும் நினைவில் வரவில்லை.
இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.
போர்வை சுற்றியிருந்த பெரியதைத் தோளில் ஏற்றிக்கொண்டு
கோயில் மேட்டுக்கு ஓடினேன்.
பாட்டில்களை மடியில் கட்டிக்கொண்டு
பின்னால் அவள், கிணுகிணுவென்று.

விடிந்ததும் பிரித்தோம்.
வெறும் கேன்வாஸ்.
வெள்ளை பூசிக் காயவைத்தது,
ஒரு கோடுகூட விழாதது.
சனம் பார்த்துக்கொண்டு நின்றது.
டயனீஷியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
மெற்றில்டா என்னைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள்,
கோயில் படியில் உட்கார்ந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சிரிப்பு எங்கே முடிந்தது, எங்கே மற்றது தொடங்கியது,
அதைப் படிக்க என்னிடம் மீட்டர் இல்லை.

வீட்டில் பதினான்கு படங்கள்
முழங்கால் உயரத்துக்கு உப்பு குடித்திருந்தன.
துடைக்கலாமா என்றேன்.
"வேண்டாம். அதுக்க பங்கை அது வரைஞ்சாச்சு."

வெள்ளை மட்டும் இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது.
போர்வையைத் தாண்டி என் வியர்வை இறங்கிய ஓரத்தில்
ஒரு மங்கல் மஞ்சள்.
நேற்று பார்த்தேன்,
அதன் பக்கத்தில் பென்சிலால்
பொடியாகத் தேதி எழுதியிருக்கிறாள்.
அதற்குமேல் வரையப் போகிறாளா, நான் கேட்கவில்லை.

சட்டைக் கறை துவைத்தும் போகவில்லை.
அதையே போட்டுக்கொண்டு
இன்று அம்மாண்டிவிளைப் பக்கம் போனேன்.
மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்ற பையன் கேட்டான்:
"சாரே, இது என்ன கலரு?"
பாதி எண்ணில் பேனாவை நிறுத்தினேன்.
சட்டையை வெயிலுக்கு இழுத்துப் பிடித்தேன்.
"நில்லு மக்கா" என்றேன்,
"பாத்துச் சொல்லுதேன்."