விழாத பந்து

டுலூத்தில், ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில்,
செவ்வாய் இரவுகளில்
நான் மனிதர்களுக்கு எண் போடுகிறேன்.
இரண்டு முதல் ஏழு வரை.

இரண்டு என்றால் பந்தை அடிப்பவர்.
ஏழு என்றால்
வெள்ளைப் பந்து போய் நிற்கப்போகும் இடத்தில்
அடிக்கும் முன்பே போய் நின்றிருப்பவர்.
நடுவில் உள்ளவர்களால்தான் எனக்குத் தலைவலி.

சொந்தக் கோலைத் தோலுறையில் கொண்டுவருபவனை நம்பமாட்டேன்.
சாக்கட்டியை ஊதி ஊதித் தேய்ப்பவனையும்.
பந்து விழுந்தால் கைதட்டக் கூட்டம் இருக்கிறது,
விழாத பந்தைப் பார்க்கத்தான் நான்.
பகலில் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன்.
நானே ஆடினால் மூன்று.
அதையும் நானேதான் எழுதிக்கொண்டேன்,
யாரும் மறுக்கவில்லை.

தெரியாதவர் தவறவிட்டால் மேசை கலைந்துபோகும்,
குழந்தை அளைந்த சோறு மாதிரி.
வெர்லின் கோஸ்டெலெக் தவறவிட்டால்
பந்து குழியின் உதட்டில் நின்று யோசிக்கும்,
வெள்ளைப் பந்து நடந்து போய்
எட்டின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.
எதிராளிக்கு நூல் நுழைய வழியிருக்காது.
ஒருமுறை என்றால் தற்செயல்.
இரவுக்கு ஆறு முறை என்றால்?
தவறுக்கு இவ்வளவு தெளிவாகக் கையெழுத்து இருக்காது.

ஆனாலும் நவம்பரிலிருந்து அவன் நான்கு.
சந்தேகத்தைத் தாளில் எழுத கட்டம் இல்லை.

அணிக்கு ஐந்து பேர், கூட்டினால் இருபத்து மூன்று.
அதற்கு மேல் போகக் கூடாது.
ஆறு, ஆறு, ஐந்து, வெர்லின் நான்கு,
இர்மா ஹாபலா இரண்டு.
பள்ளிக்கூட உணவறையில் கரண்டி பிடிக்கும் இர்மா,
ஒன்பது வருடமாக இரண்டு.
அணியின் மொத்தப் பொய்யும்
இர்மா மாறவே மாட்டாள் என்கிற
ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி கடைசிச் செவ்வாய்.
இர்மாவுக்கு மிச்சம் ஒரே பந்து,
மூலைக் குழியின் வாயில்,
மூச்சு விட்டால் விழுந்துவிடும்.
எதிராளிக்கு எட்டு மட்டும் பாக்கி,
அதே குழியைப் பார்த்தபடி.

இர்மா குனிந்தாள். நிமிர்ந்தாள்.
மேசையை ஒரு சுற்று வந்தாள்.
அந்தப் பந்தைத் தொடாமல்
எதிர்க்கட்டையோரம் போய் அதை உரசிவிட்டு...
இல்லை, தப்பாகச் சொல்கிறேன். அன்று தாளிலும்
இப்படித்தான் அடித்துத் திருத்தினேன்.
பந்தை ஒரு மயிரிழை தொட்டாள்.
அது குழியை அடைத்தபடி அங்கேயே நின்றது.
வெள்ளை மட்டும் கட்டையில் பட்டு
நீளவாட்டில் உருண்டு, கடைசி வரை போனது.

அணித்தலைவன் கிளைட் முகத்தை மூடிக்கொண்டான்.
எதிராளி சிரித்தான், அடித்தான்,
அவன் எட்டு அவள் பந்தின் தோளில் இடித்துத் திரும்பியது.
இர்மா வந்தாள். தன் பந்து, பிறகு எட்டு.
கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக்
கோட்டில் கையுறை தேடினாள்.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றான் கிளைட்,
என் பேனாவைப் பார்த்துக்கொண்டு.
எல்லோரும் ஆமாம் என்றார்கள்.
அதிர்ஷ்டம் என்பது
அந்த மேசையில் எல்லோருக்கும் வசதியான சொல்.

வெர்லின் மட்டும் பீர் கோப்பையைக் கீழே வைத்தான்.
"வேணும்னுதான் விட்டுவெச்சா.
குழிய அடைச்சு விட்டுவெச்சா.
வெள்ளைய எங்க நிறுத்தினான்னு பார்த்தீங்கல்ல?"

யாரும் பார்த்திருக்கவில்லை.
நான்கு என்று எழுதப்பட்ட ஒருவன்
அதைப் பார்த்திருக்கவே முடியாது.

சொன்ன பிறகு அவனுக்கும் புரிந்தது.
சாக்கட்டியை எடுத்து
அடிக்கப்போகாத கோலின் நுனியில்
மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தான்.

இர்மாவுக்கு மூன்று எழுதினேன்.
மேல்வரியில் நான்கை அடித்து ஏழு எழுதினேன்.
கூட்டினேன். இருபத்தேழு.
தாளைக் கிளைட்டிடம் நீட்டினேன்.

"மூணா?" என்றாள் இர்மா,
ஒரு கையுறை மாட்டியபடி,
இன்னொன்று எங்கே என்று தெரியாமல்.