கணக்கில் வராத மூன்று மாதம்

முதல் தடவை நாற்பத்தாறு புள்ளிகள் சுட்டார்கள்.
நான் எண்ணவில்லை, அறிக்கையில் இருந்தது.
பதினான்கு மாதம் இதயம்
சூடுகண்ட பூனையாய் ஒழுங்காக இருந்தது.
பிறகு ஒரு பிப்ரவரி விடியலில்
கொட்டகையில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தபோது
விலாவுக்குள் யாரோ
ஒரு கூடை உயிர்மீனைக் கவிழ்த்தார்கள்.

மறுபடியும்.

கைக்கடிகாரம் நூற்று நாற்பத்தெட்டு என்றது,
உடனே நூற்றுப் பதினொன்று, உடனே நூற்று அறுபது,
ஏலம் கூறுகிறவன்போல.
ஆட்லியிடம் சொல்லவில்லை.
முதலில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன்.

பிளோண்டுவோஸிலிருந்து ரெய்க்யாவிக்
இருநூற்று நாற்பது கிலோமீட்டர்.
மேட்டுவெளியில் சாலையைப் பனி துடைத்துக்கொண்டிருந்தது.
போனமுறை பாடிக்கொண்டே ஓட்டியவன்
இந்தமுறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான்.

டாக்டர் ஹில்டிகுன்னுர் தாளில்
ஒரு உருளைக்கிழங்கு வரைந்தாள்,
அதில் நான்கு குழாய்.
"நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் வாய்கள்.
தறிகெட்ட மின்சாரம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.
நான்கையும் சுற்றித் தழும்பால் வளையம் போட்டிருந்தோம்.
எங்கோ ஓரிடத்தில்
தழும்பு தழும்பாகவில்லை."

அதாவது, ஆறிவிட்டது.

ஆறாத காயத்துக்கு வைத்தியம் கேள்விப்பட்டிருக்கிறேன்.
ஆறிப்போன குற்றத்துக்குத்
திரும்பவும் சுடுவதை இப்போதுதான்.

வேலியைப் பற்றி எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.
எங்கள் வடக்குக் கம்பிவேலி நான்கு கிலோமீட்டர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகளில்
முந்நூற்றுப் பதினொன்றுக்கு அது வேலி.
மோரா என்கிற பழுப்புக்காரிக்கு மட்டும்
ஓட்டையைச் சுற்றிக் கட்டிய கம்பி.

குளிர்ந்த மேசை. முதுகில் ஒட்டிய தகடுகள்.
வலது தொடையிடுக்கு வழியே
நாளத்துக்குள் ஏறிப் போனது கம்பி,
வீட்டுக்காரனைப்போல, தட்டாமல்.
மயக்கம் தூக்கத்தின் வாசற்படிவரைதான்
கொண்டுபோய் விட்டிருந்தது.
திரையில் என் இதயம்:
உயிருள்ள தசை ஊதா, தழும்பு சிவப்பு.
இடது மேல்நாளத்தின் விளிம்பில்
சிவப்பை அறுத்துக்கொண்டு ஊதா ஒரு கீற்று.
"நான்கு மில்லிமீட்டர்" என்றான்
கணினிக்கு முன்னிருந்த போலந்துப் பையன் ஸ்வாவொமிர்,
தொலைந்த சாவியைக் கண்டெடுத்த குரலில்.

நான்கு மில்லிமீட்டர்.
இரண்டு கோடைகாலம் அதன் வழியாகத்தான் போய்வந்திருக்கிறது.

சுட்டபோது பல்லுக்கும் தோளுக்கும் நடுவே
முகவரியில்லாத ஒரு வலி.

பிறகு ஆறு மணிநேரம் மல்லாந்து, காலை மடக்காமல்.
பக்கத்துக் கட்டிலில் வெஸ்ட்மன் தீவு மீனவர்;
அவருக்கு மூன்றாம் முறை.
"நான்காவதுக்குத் தள்ளுபடி கேட்கப்போகிறேன்" என்றார்.
சிரித்தேன், இடுக்கில் வைத்த கட்டு இழுத்தது.
நர்ஸ் இருவரையும் திட்டினாள்.

கிளம்பும்போது ஹில்டிகுன்னுர் சொன்னாள்:
"முதல் மூன்று மாதத்தில் துடிப்பு தடுமாறினால்
அது கணக்கில் சேராது."
"யார் கணக்கில்?"
பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசித்தாள்.
அதனால் அவளை எனக்குப் பிடித்தது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, காலையும் மாலையும்.
வடக்கு வேலியின் கம்பி கீறினால்
கையுறை நனைந்த பிறகே நிற்கிறது.
ஓட்டைகளை ஆட்லி அடைத்தான்.
மோரா இன்னொன்று கண்டுபிடித்தாள்.

ஆறாவது வாரம். மே மாதம், குட்டிபோடும் காலம்.
அதிகாலை இரண்டரைக்கு இருட்டே இல்லாத வானம்.
மோராவுக்குள் முழங்கைவரை என் கை;
ஒரு முன்னங்கால் மட்டும் மடிந்து கிடந்தது.
அப்போது வந்தது.
மீன்கூடை கவிழ்ந்தது.

கையை எடுக்க முடியாது.
என் துடிப்பு எங்கோ ஓட
அவள் முக்கும் நேரத்துக்கு மட்டும் நான் இழுத்தேன்,
அவள் முக்கலைத் தவிர
அந்தக் கொட்டகையில் வேறு தாளமில்லை.
குட்டி வழுக்கி விழுந்தது.
மூக்கைத் துடைத்தேன், வைக்கோலால் கூச்சம் காட்டினேன்,
தும்மியது.

எனக்குள் எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.

ஆட்லி கதவருகே வந்து நின்றான்.
"எத்தனை?"
"ஒன்று" என்றேன்.
எதைக் கேட்டான் என்று
நான் கேட்கவில்லை.