கழித்தல் குறி

பிற்பகல் இரண்டரை. விடைத்தாள் திருத்தும் முகாம்.
நாலு ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியின் மாடி வகுப்பு.
மின்விசிறி வெயிலைக் கிளறிக்கொண்டிருக்கிறது.
முப்பதாவது தாள். பெயர் இல்லை, எண் மட்டும்.

ஒரே முனையிலிருந்து கிளம்பும் மூன்று வெக்டர்கள்;
அவை எழுப்பும் இணைகரத்திண்மத்தின் கன அளவு காண்க.
ஐந்து மதிப்பெண்.

அந்தக் கை நிதானமாக அணிக்கோவை போட்டிருக்கிறது,
அடித்தல் திருத்தல் இல்லாமல்.
ஆனால் முதலாவதும் இரண்டாவதும்
வரிசை மாறி உட்கார்ந்துவிட்டன.
மூன்றும் வட்டமாக நகர்ந்திருந்தால்
ஒன்றும் ஆகியிருக்காது.
இரண்டு மட்டும் இடம் மாற்றிக்கொண்டால்
குறி கவிழும்.

விடை: மைனஸ் பன்னிரண்டு.
அதன் கீழ் பென்சிலில், எறும்பளவு எழுத்தில்:
"பெட்டி சட்டை மாதிரி உள்பக்கம் திரும்பிவிட்டது.
கொள்வது அதே பன்னிரண்டுதான்."

"பென்சிலைப் பாக்காதீங்க டீச்சர்.
மட்டு போடல, ஒண்ணு வெட்டுங்க" என்றார் தனுஷ்கோடி சார்.
"மைனஸ்ல எவன் வீட்ல பெட்டி இருக்கு?"
பிரிஜிட்டா சிரித்தாள்.

மூலையில் அவள் கொண்டுவந்த அட்டைப்பெட்டி.
காலையில் அதில் பத்துக் கிலோ சேலத்துக் குண்டு.
இப்போது காலி. யாரோ காலால் நெட்டிவிட்டுச்
சாய்ந்து நிற்கிறது.
விளிம்புகள் அதே நீளம்தான்.
இன்னும் கொஞ்சம் தள்ளினால்
மூன்றும் ஒரே தளத்தில் படுத்துவிடும்,
மாம்பழ வாசனைக்குக்கூட இடம் விடாமல்.
பூச்சியம் என்றால் அதுதான்:
ஒரு விளிம்பும் தேயாமல்
உள்ளிருந்த இடம் மட்டும் காணாமல் போவது.

இரண்டு திசைகள் ஒன்றாகிவிட்டாலும் அப்படித்தான்,
மூன்றாவது எத்தனை நீண்டும் வீண்.
அது தெரிந்தும்
அவர்கள் தலையாட்டிய பக்கமே நானும் ஆட்டினேன்.
நான்கு என்று போட்டு வட்டமிட்டேன்.

ஏற்காடு பஸ். கடைசிக்கு முந்தின இருக்கை.
பதினோராம் கொண்டை ஊசி தாண்டியதும்
காலையில் இறங்கும்போது இடக்கைப் பக்கம் கிடந்த பள்ளம்
இப்போது வலக்கைப் பக்கம்.
எட்டிப் பார்த்தேன்.
ஆழம் அதே ஆழம்.
கீழே சேலம் ஒவ்வொரு விளக்காக ஏற்றுகிறது.

கட்டு இன்னும் அரக்கு வைக்கப்படவில்லை.
கைப்பையில் சிவப்புப் பேனா.
எண்ணின் கடைசி மூன்று இலக்கம் நினைவிருக்கிறது,
வரிசைதான்
சரியாக வரமாட்டேன் என்கிறது.